விடுப்புக் கடிதமும் நேற்றைய இரவுச் சாப்பாடும்

கதை எழுதுவதைச் சொல்லித்தர முடியாது, அது தானாக வரவேண்டும் என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களோடு வாதாடுவதை விட்டுவிட்டு ஃப்ராங்க் மெக்கோர்ட்டின் ‘டீச்சர் மேன்’ நூலைக் கையில் கொடுத்துவிடலாம். நியூயார்க் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்தவர், ஓய்வுபெற்ற பிறகு 2005-இல் எழுதிய நினைவுக் குறிப்பு அது. தேர்ந்த வித்வானின் மனோதர்மத்தை ரசிப்பதுபோல ஒரு வாத்தியாரின் வகுப்பையும் உட்கார்ந்து ரசிக்கலாம் என்பதை எனக்குக் காட்டிய புத்தகம்.

மெக்கோர்ட் 1930-இல் புரூக்ளினில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அயர்லாந்தின் லிமரிக் நகரத்துக்குப் போய்விட்டது. அங்கே வறுமை. பதினான்கு வயதுக்குள் படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் நியூயார்க் திரும்பி, ராணுவத்தில் இருந்துவிட்டு, முன்னாள் ராணுவத்தினருக்கான கல்விச் சலுகையில் பல்கலைக்கழகம் சேர்ந்தார். உயர்நிலைப் பள்ளியில் படித்தே இராதவர் உயர்நிலைப் பள்ளிக்குப் பாடம் சொல்ல வந்தார். 1958-இல் ஸ்டேட்டன் தீவில் உள்ள மெக்கீ தொழிற்கல்விப் பள்ளியில் முதல் வேலை. அங்கே படித்தவர்கள் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். பட்டறையில் கை ஓடும் அளவுக்குப் பேனா ஓடாது. கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரிக்குமேல் நகராது.

அந்தப் பிள்ளைகள் ஒன்றை மட்டும் பிரமாதமாக எழுதினார்கள். அம்மா அப்பா எழுதியதுபோல் தாங்களே எழுதிக் கொண்டுவரும் விடுப்புக் கடிதம். ‘காய்ச்சல் காரணமாக’ என்று ஒரே அச்சில் எழுதிப் பழகிய நமக்கு அந்தக் கடிதங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அடுப்பு பற்றி, சுவரொட்டுத் தாள் பற்றி, தீயணைப்புக்காரர்கள் இரவு முழுக்க வீட்டுக்குள் விடவில்லை என்று ஒருவன் எழுதுகிறான். இன்னொருவன் வீட்டில் பாட்டி மாடிப்படியில் விழுந்துவிடுகிறாள். காரணம், அளவுக்குமேல் குடித்த காபி. இந்தக் காபியைக் கவனிக்கவேண்டும். பாட்டி விழுந்தாள் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். காபியைக் கொண்டுவருகிறவனுக்குக் கதை சொல்லத் தெரிந்திருக்கிறது.

மெக்கோர்ட் அவனைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். அவன் கையெழுத்து அடையாளம் தெரியாமலிருக்க இடது கையால் எழுதியதையே அவர் பார்த்துவிட்டார். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. கடிதங்களை மேசை இழுப்பறையில் சேர்த்துவைத்தார். பிறகு ஒரு நாள் அவற்றில் சிலவற்றைப் பெயர் நீக்கித் தட்டச்சு செய்து, வகுப்பிலேயே படிக்கக் கொடுத்தார். எதிர்காலத்தில் உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு நீங்கள் எழுதும் விடுப்புக் கடிதம் எப்படி இருக்கும் என்று கேட்டார். குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். அடுத்து, ஏதேன் தோட்டத்து ஆதாம் கடவுளுக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம், ஏவாள் எழுதும் கடிதம். மணி அடித்த பிறகும் பேனா நிற்கவில்லை. அந்த நாட்களில் ஒருமுறை பள்ளி முதல்வரும் கல்வி மேற்பார்வையாளரும் வகுப்புக்குள் வருகிறார்கள். வேலை போயிற்று என்று அவர் நினைக்க, அவர்கள் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆதாம் ஏவாளில் வேடிக்கை அதிகம், அதனால் அதன் வேலைப்பாடு கண்ணில் படாமல் போகிறது. ஒரு மனிதன் தன் செயலுக்குக் காரணம் சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்தப்படும்போது, கேட்கிறவர் யார், அவர் எதை நம்புவார், எந்த இடத்தில் சந்தேகப்படுவார் என்று எழுதுகிறவன் யோசித்தே ஆகவேண்டும். பாத்திரமும் குரலும் வாசகரும் ஒரே பயிற்சிக்குள் வந்துவிடுகின்றன. அந்தக் கலைச்சொற்களில் ஒன்றைக்கூட அவர் கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் பிற்காலத்தில் கேட்ட கேள்வி. 1972 முதல் 1987 வரை ஸ்டைவெசன்ட் பள்ளியில் இருந்தார். போட்டித் தேர்வெழுதி நுழையவேண்டிய, கணக்கும் அறிவியலும் கோலோச்சும் பள்ளி. கெட்டிக்காரப் பிள்ளைகள். எங்கள் வாழ்க்கையில் எழுதும்படி எதுவுமே நடக்கவில்லையே என்பது அவர்கள் குறை. மெக்கோர்ட் ஒரு பையனைப் பார்த்து, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்கிறார். கோழி. கோழி எங்கிருந்து வந்தது? அம்மா வாங்கினாள். சமைத்தது யார்? மேசையை எடுத்து வைத்தது யார்? அப்பா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? பாத்திரம் கழுவியது யார்? அம்மா வேலைக்கும் போகிறவள் என்பது நடுவில் வந்து விழுகிறது. பத்துப் பன்னிரண்டு கேள்விக்குள் ஒரு குடும்பம் முழுதாக வகுப்பறையில் எழுந்து நிற்கிறது. யார் உழைக்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். எல்லாம் பொருளைப் பற்றியவை, கையைப் பற்றியவை. உன் மனதில் என்ன தோன்றியது என்று கேட்டிருந்தால் பையன் புத்தகத்தில் படித்த வார்த்தையைச் சொல்லியிருப்பான். கோழியைப் பற்றிக் கேட்டதால் உண்மையைச் சொன்னான். இன்னொரு மாணவன் இதே கேள்விக்கு, உயர்ந்த உணவு ஒன்றைச் சொல்கிறான், பணிப்பெண் பரிமாறியது. அம்மா எங்கே என்று கேட்டால் மருத்துவமனையில், சாகக்கிடக்கும் அப்பாவின் பக்கத்தில். வகுப்பே அடங்கிப்போகிறது. இந்தப் பயிற்சியில் அபாயமும் இருக்கிறது. கேட்கத் தெரிந்த ஆசிரியருக்கு எங்கே நிறுத்துவது என்றும் தெரிந்திருக்கவேண்டும். நம் பள்ளிகளில் இதை அப்படியே செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களை இரண்டுமுறை படிப்பது நல்லது. ராத்திரி சாப்பிடாத பிள்ளையும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

சமையல் புத்தகங்களை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, சமையல் குறிப்புகளைக் கவிதைபோல் உரக்கப் படிக்கவைத்ததும் இதே ஸ்டைவெசன்டில்தான். பிள்ளைகள் வாத்தியங்களைக் கொண்டுவந்து பின்னணி வாசித்தார்கள். கிறுக்குத்தனம் என்று சக ஆசிரியர்கள் நினைத்திருக்கக்கூடும். ஆனால் சமையல் குறிப்பில் வீண் வார்த்தை கிடையாது. நறுக்கு, வதக்கு, இறக்கு என்று வினைச்சொல்லே வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போகும். பெயரடைகளை அடுக்குவதே நடை என்று நம்பும் பதினேழு வயதுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

தன் கணக்கில் ஏறத்தாழ 12,000 மாணவர்கள் என்கிறார் மெக்கோர்ட். அத்தனை பேரிடமும் கேட்டதைத் தானும் செய்யவேண்டி வந்தது. உங்கள் சின்ன வயதைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் பாடத்தை நிறுத்திக் கேட்பார்கள். லிமரிக் கதைகளை அவர் சொல்லுவார். எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லப் பழகினார். ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து, 1996-இல், அறுபத்தாறு வயதில் ‘ஏஞ்சலாஸ் ஆஷஸ்’ வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. அதில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வீட்டுக்கு வருவது ஒரு பன்றித் தலை. அதைச் சுற்றிய செய்தித்தாள் நனைந்து கிழிந்துபோக, பல் தெரியும் தலையைச் சிறுவன் மெக்கோர்ட் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு வருகிறான், பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். வறுமையைப் பற்றி அங்கே விளக்கம் ஏதும் இல்லை. என்ன சாப்பிட்டாய், யார் தூக்கி வந்தது என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது.

‘டீச்சர் மேன்’ படிக்கத் தொடங்குபவர்கள் முதல் நாள் வகுப்பில் ஒரு மாணவன் வீசிய சாண்ட்விச்சை எடுத்து அவரே சாப்பிட்டுவிடும் காட்சியோடு மயங்கி நின்றுவிடக்கூடாது. அது அருமையான காட்சிதான். ஆனால் ஸ்டைவெசன்ட் பகுதியில்தான் வித்தை முழுமையாக வெளிப்படுகிறது. தமிழ் வகுப்பு எடுக்கும் நண்பர்களுக்குப் புத்தகத்தைக் கொடுக்கும்போது நான் அந்த இடத்தில்தான் அடையாளத் தாள் வைத்துக் கொடுக்கிறேன்.