கை கழுவிவிட முடியாத பாடம்

இங்கே அமராவதி நகரில் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். லேப் பயிற்சிக்கான செக்லிஸ்ட்டைப் போன வாரம் காட்டினாள். நான் மருத்துவத் துறை இல்லை, சாஃப்ட்வேர்காரன். ஆனாலும் அதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்துடுச்சு.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியலோடு தொற்றுக் கட்டுப்பாடும் ஒரு பாடமாக வருது, சிமுலேஷன் பயிற்சியும் இருக்கு. நல்ல விஷயம். பொம்மையிடம் தப்பு பண்ணினா யாருக்கும் காய்ச்சல் வராது. என் குறை, பயிற்சி நடக்கிற விதத்தில். "இன்னிக்கு கை சுத்தம்" என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறாங்களாம். ஹேண்ட் ரப் போட்டு 20–30 விநாடி தேய்த்தால் மார்க். டெஸ்ட் கேஸை முன்கூட்டியே டெவலப்பர் கையில் கொடுப்பது மாதிரிதான் இது. டெஸ்ட் பாஸ் ஆகும், புரொடக்‌ஷனில் விழும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் "ஐந்து தருணங்கள்" எப்படிக் கழுவுவது என்பதைப் பற்றியதல்ல, எப்போது என்பதைப் பற்றியது. ஐந்தாவது தருணத்தைப் பாருங்கள். நோயாளியைத் தொடாமல் அவர் கட்டிலை மட்டும் தொட்டுவிட்டு வந்தாலும் கையைச் சுத்தம் செய்யணும். தலைப்பை முதலிலேயே சொல்லிவிட்டால், இது அவளுக்கு நினைவிருக்கா என்று எப்படிச் சோதிப்பது?

பக்கத்துக் கேரளத்தில், பேராம்பிரா தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினி, 21 மே 2018 அன்று நிபாவில் இறந்தார். அவர் கவனித்துக்கொண்ட நோயாளிக்கு நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவர் பயிற்சியில் குறை என்று சொல்ல வரவில்லை. தொற்று பெயரைச் சொல்லிக்கொண்டு வார்டுக்குள் வராது, அதனால்தான் எல்லா நோயாளியிடமும் ஒரே முன்னெச்சரிக்கை என்பது விதி.

அப்படியானால் இந்தப் பாடத்தை வேறு பாடங்களுக்குள் ஒளித்து வைக்கணும். பயிற்சி ஊசி போடுவது பற்றி இருக்கட்டும். நடுவில் பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிடட்டும். கட்டில் கம்பியில் புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் பொடியைத் தடவி வைத்து, கடைசியில் டார்ச் அடித்தால் கை எங்கெல்லாம் போச்சு என்று தெரிந்துவிடும். ஒரு தடவை ஹேண்ட் ரப் பாட்டிலையும் காலியாக வையுங்கள். லேபில் அது எப்பவும் நிறைந்திருக்கும், வார்டில் அப்படி இருக்காது. அப்போ என்ன செய்யணும், யாரிடம் கேட்கணும் என்பதும் பாடம்தானே?

அவளிடம் இதைச் சொன்னேன். "அப்போ பாதி பேர் ஃபெயில்தான் அங்கிள்" என்று சிரித்தாள். லேபில் ஃபெயில் ஆகட்டுமே, அதற்குத்தானே பொம்மை?