தூளும் தண்டும்

யாழ்ப்பாணத்தில் நண்பர் வீட்டு விறாந்தையில், நிலத்தைத் துளைத்தே வயதான பெரியவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, நாங்கள் கல்லைப் பார்க்கிறம். உங்கட ஆக்கள் புழுதியைத்தான் பார்க்கினம்.” அன்று எனக்கு “இல்லை ஐயா” என்பதற்கு மேல் வாய் வரவில்லை. மறையூருக்குத் திரும்பியும் அந்தச் சொல் உறுத்துகிறது.

எங்களுடையது மழைமறைவுப் பள்ளத்தாக்கு. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் என்றாலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரோடு பேசுவது தமிழ்தான். சுத்தியல் பிட் பாறையை நொறுக்க, கம்ப்ரஸர் காற்று தூளை மேலே தள்ளும். 20 அடி ராடு ஒன்று இறங்கியதும் ஒரு கைப்பிடி அள்ளித் தரையில் குவிப்பார்கள். ராடை எண்ணினால் ஆழம். குவியலைப் பார்த்தால் பாறை. செம்மண் நிறம் மாறிச் சாம்பலானால் கெட்டிப் பாறை. கேசிங் பைப் அங்கே நிற்கும். அதற்கும் கீழே பழுப்பேறிய சில்லுகள் ஈரத்தோடு வந்தால், “கேப் அடிச்சிருச்சு” என்பார்கள். பாறை பிளந்த இடம், ஊற்று ஓடும் இடம். புழுதியா அது?

நமக்கு ஆழ்துளைக் கிணறு, யாழ்ப்பாணத்தில் குழாய்க்கிணறு. நமக்குக் கனிமம், அங்கே கனிப்பொருள். நமது நிலவியல் அங்கே புவிச்சரிதவியல். மண்ணுக்கும் சரிதம் உண்டென்று ஒப்புக்கொள்ளும் அந்தச் சொல்லை நானும் விரும்புகிறேன்.

பெரியவர் சொன்ன கல், வைர பிட் அறுத்தெடுக்கும் உருளைத் தண்டு. ஆழ வரிசையில் பெட்டியில் அடுக்கினால், பிளவின் துல்லியமான இடமும் சாய்வும் தெரியும். தூளில் அது தெரியாது. ஏறி வரும்போதே கலந்துவிடும். ஆனால் தண்டு இந்தியாவுக்குப் புதிதல்ல. நிலநடுக்கத்தை ஆராய மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் 1 கி.மீ.க்கும் கீழிருந்து கிரானைட் தண்டுகள் எடுத்தார்கள். ஒரு கரும்புத் தோட்டத்துக் கிணற்றுக்கு வைர பிட் கட்டுப்படியாகுமா?

யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மீறித் துளைத்து இறைத்தால் உப்பு ஏறும். அங்கே மாதிரி, எங்கே நிற்பது என்று சொல்லும். இங்கேயோ, இன்னும் போகலாமா என்று சொல்லும். அந்த ஒரு மாலையில் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவு.

இனி நான் சொல்ல வேண்டியது: சென்னைப் பரங்கிமலைக் கல்லுக்கு 1893இல் சார்னோக்கைட் என்று பெயரிட்டார் தாமஸ் ஹாலந்து. அந்தக் கல் கேரள மலைகளிலும் உண்டு, இலங்கையின் நடுமலைகளிலும் உண்டு. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே நிலம். பெரியவர் மறையூர் வந்தால், ரிக் வண்டியருகே நிறுத்தி, சூடு ஆறாத சாம்பல் தூளை அவர் கையில் வைப்பேன். கண்டி மலைக்கு உறவுக்கல் அது. ஐயாவின் விரல்களுக்குத் தெரியும்.