எறும்பு மனிதர்கள்

ஸ்பெயினில் டொலேடோ நகரின் சான் ஹுவான் தே லோஸ் ரேயெஸ் மடாலயக் கோயில். அதன் உட்புறத்தை ஹெனாரோ பெரெஸ் வில்யாமில் வரைய, பாரிஸில் 1842 முதல் 1850 வரை வெளியான தொகுப்பில் கல்லச்சுப் படமாக வந்தது.

உற்றுப் பாருங்கள். மனிதர்கள் எறும்பு சைஸ். தூண்கள் வானத்துக்குப் போகின்றன. நிஜத்தில் அவ்வளவு உயரமில்லை. மனுஷன் கொஞ்சம் ஓவராகத்தான் போட்டிருக்கிறார்.

ஆனால் காலத்தையும் கவனியுங்கள். 1808-ல் நெப்போலியன் படைகள் இந்த மடத்துக்குத் தீ வைத்தன. 1836-ல் ஸ்பெயின் அரசாங்கமே மடங்களின் சொத்துக்களைப் பறித்து ஏலம் விட்டது. யாரும் மதிக்காத ஒரு கோயிலை அண்ணாந்து பார்க்க வைக்கத்தான் இத்தனை உயரம் என்று எனக்குப் படுகிறது.

அதனால் மன்னிக்கலாம். அளவெடுக்க மட்டும் இந்தப் படத்தை நம்பாதீர்கள், சார்!