தகடு பேசும் பெட்டி

ஏர் ரைஃபிள் குண்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டியான பெல்லட் டிராப்பின் தரத்தை முன்பக்கம் பார்த்துச் சொல்ல முடியாது. அடியில் கிடக்கும் ஈயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தூளாகக் கிடந்தால் செய்தவருக்கு அவசரம். சப்பையாக, காசு மாதிரி கிடந்தால் கை பழகியவர். இடுப்பு ஒடுங்கிய அந்த உருவமும், குழல் கீறிய வரிகளும் கலையாமல் முழுசாகக் கிடந்தால், அதுதான் என் கட்சி.

கட்சித் தலைவர், அந்தமானில் ஜங்லிகாட் பக்கம் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஓர் அண்ணன். தெலுங்குக்காரர், இந்தியும் துறைமுகத் தமிழும் கலந்து பேசுவார். சுடுவதில் அவருக்கு நாட்டமே கிடையாது. வீட்டுப் பையன் ஒருவன் ஏர் ரைஃபிள் பழக ஆரம்பித்ததால் ஒரு பெட்டி செய்தார். அதைப் பார்த்த பிறகு கடைப் பெட்டி எதையும் என்னால் மதிக்க முடியவில்லை.

ஓரடிச் சதுரத்தில் மரப்பெட்டி. முன்வாயில் பழைய ஃப்ளெக்ஸ் துண்டு. உள்ளே தேங்காய் மட்டையைப் பிய்த்து, நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி இறுக்கி அடைத்திருந்தார். அதன் பின்னால் இரண்டு கொக்கிகளில் ஓர் இரும்புத் தகடு, எதிலும் ஒட்டாமல் தொங்கும். தகட்டுக்கும் பின்னால் கனத்த பலகை. அவ்வளவுதான் பெட்டி.

என் மோகம் முழுக்க அந்தத் தொங்கும் தகட்டின் மேல்தான். நார் நன்றாக இருக்கும்வரை பெல்லட் அங்கே போய்ச் சேராது. தகடு வாயே திறக்காது. பத்து மீட்டரில் பழகுகிறவன் அடிப்பதெல்லாம் ஒரே இடம். பத்துக்கான புள்ளியே அரை மில்லிமீட்டர் என்றால், கை தேறத் தேற நாரில் அந்த ஒரே இடத்தில் கிணறு விழும். என்றைக்குக் குழி ஆழமாகிறதோ அன்றைக்குத் தகடு ‘டிங்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். உடனே நாரைப் புரட்டிப் போட வேண்டும். “குண்டைத் தடுக்காதீங்க தம்பி, தளர விடுங்க. தளரலேன்னா தகடு சொல்லும்” என்றார் அண்ணன். தன் களைப்பைத் தானே சொல்லும் பெட்டியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

தகட்டை 45 டிகிரி சாய்த்து வைத்த இரும்புப் பெட்டிதான் உசத்தி என்று சொல்லும் நண்பர்கள் எனக்குண்டு. சென்னையிலோ கோவையிலோ அது சரியாக இருக்கலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக் காற்றும் உள்ள தீவில் இரும்பு வழவழப்பாக எத்தனை நாள் இருக்கும்? துரு ஏறிச் சொரசொரத்த தகட்டில் பெல்லட் வழுக்கி இறங்காது, உடைந்து தூளாகும். அந்தத் தூள்தான் மூச்சில் போகும் விஷம். ஒவ்வொரு அடிக்கும் ‘டங்’ என்று கேட்டால்தான் திருப்தி என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எப்போதும் கத்துகிற தகடு எதையும் சொல்வதில்லை.

களிமண் போன்ற பிசினை அப்பி வைப்பவர்களும் உண்டு. சத்தமில்லை, சிதறலில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே போன ஈயத்தைத் திரும்ப எடுக்கப் பாருங்கள், பாதி நாள் போய்விடும். படௌக் பலகைத் துண்டை வெறுமனே நிறுத்துவதோ ஆபத்து. கெட்டி மரத்தில் பட்ட பெல்லட் வந்த வழியே திரும்பும். மணலைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடற்கரை மணல் எடுப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட தீவுகள் இவை. பழைய ‘டெய்லி டெலிகிராம்ஸ்’ நாளிதழ்க் கட்டு அவசரத்துக்கு உதவும். மழைக்காலத்தில் அது கூழாகும். தேங்காய் மட்டையோ இங்கே எந்தத் தோப்பிலும் குவிந்து கிடக்கிறது.

நாரை உதறினால் ஈயம் கனத்தால் தானே அடியில் சேரும். ஒரு பெல்லட் அரை கிராமுக்குச் சற்று மேல். 60 குண்டுகளின் ஆட்டத்தில் முப்பது கிராமுக்கு மேல், 500 குண்டு டப்பா ஒன்று முடிந்தால் கால் கிலோவைத் தாண்டும். மென்மையான ஈயம், 327 டிகிரியில் உருகும். அண்ணன் அதை வீச்சு வலைக்கான குண்டாக வார்ப்பார். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, குழந்தைகளை விரட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். சமையல் பாத்திரம் எதுவும் அந்தப் பக்கம் போகாது. ஈரம் ஒட்டிய ஈயத்தை உருகியதில் போட்டால் நீராவி வெடித்துத் தெறிக்கும் என்பதால், முந்தைய நாளே வெயிலில் காயப் போட்டிருப்பார். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் அவருக்குச் சமரசமே இல்லை.

இப்போது பெரிய ரேஞ்சுகளில் மின்னணு இலக்கு வந்துவிட்டது. 10.9 வரை தசமத்தில் திரை சொல்கிறது. நியாயமான முன்னேற்றம்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8 என்று உலகமே அந்த நொடியில் தெரிந்துகொண்டதும் அதனால்தான். அதே பிந்த்ரா பழகி வளர்ந்தது ஜிராக்பூரில் வீட்டிலேயே அமைத்த ரேஞ்சில். வீட்டு ரேஞ்சை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். என் குறை வேறு. இன்றைய பிள்ளைகளுக்குத் தாங்கள் சுட்ட ஈயத்தைப் பார்க்கவே வாய்ப்பில்லை. குண்டு எங்கோ மூடிய பெட்டிக்குள் போகிறது, யாரோ கொட்டுகிறார்கள். தான் அனுப்பியது எங்கே போய் எப்படி நின்றது என்ற கேள்வியே எழாமல் ஒரு தலைமுறை துல்லியமாகச் சுடுகிறது. கடைகளில் வரும் பெட்டிகளும் அதற்கேற்ப மெலிந்துவிட்டன; பெயின்ட் மட்டும் பளபளக்கிறது.

பிள்ளைக்கு ரைஃபிள் வாங்கித் தரும் பெற்றோர் கூடவே பெட்டியையும் வாங்கிவிட வேண்டாம். இலக்கின் நடுவை 1.40 மீட்டர் உயரத்தில் வைக்கவும், பின்னால் ஆள் நடமாட்டமில்லாத கெட்டிச் சுவர் இருக்கவும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மட்டையைப் பிய்த்து அடைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். தகடு எப்போது பேசும் என்று காத்திருக்கத் தெரிந்தவனுக்கு விசையை எப்போது இழுப்பது என்பதும் தெரியும் என்பது என் நம்பிக்கை. மறுப்பவர்கள் ஜங்லிகாட் வந்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.