போனஸ் ஆசனமும் வன்னியின் வாக்கும்

இலங்கையின் 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில், தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணம், வன்னி ஆகிய இரு தேர்தல் மாவட்டங்களிலும் முதலிடம் பெற்றது. வடக்கு தன் தனி அரசியலைக் கைவிட்டுவிட்டது என்பதற்கு இம்முடிவே சான்றாகக் காட்டப்படுகிறது. ஆசனங்களை மட்டும் எண்ணினால் அப்படித் தோன்றலாம். வாக்குகளை எண்ணினால் தோன்றாது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னியில் அக்கட்சிக்கு விழுந்தது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வாக்கு. கிடைத்தது ஆறில் இரண்டு ஆசனம். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் நாலிலொரு பங்கு வாக்குக்கு ஆறில் மூன்று.

இன்றுள்ள விகிதாசார முறையால் நன்மை இல்லாமலில்லை. 1977இல் தொகுதிவாரி முறை, பாதியளவு வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனங்களைக் கொடுத்தது. இன்று வன்னி முஸ்லிம்களின் வாக்கும் பாராளுமன்றம் வரை போகிறது. ஆசனப் பகிர்வில் சேர ஒரு கட்சி மாவட்டத்தில் பெறவேண்டிய வாக்கின் வெட்டுப்புள்ளி 1988இல் எட்டிலொன்றிலிருந்து ஐந்து வீதமாகக் குறைக்கப்பட்டதும் நல்லதே.

கோளாறு போனஸ் ஆசனத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனத்தை ஒதுக்கிய பிறகே எஞ்சியவை வாக்கு விகிதப்படி பகிரப்படுகின்றன. 19 ஆசனமுள்ள கம்பஹாவிலும் ஒன்று, 6 உள்ள வன்னியிலும் ஒன்று, 4 உள்ள திருகோணமலையிலும் ஒன்று. கம்பஹாவில் அது பெரிதாகத் தெரியாது. வன்னியில் அது மாவட்டத்தின் ஆறிலொரு பங்கு. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் வாக்கைப் பல கூறாக்கும் இடத்தில், முதலிடம் என்பது பெரும்பான்மைக்கு வெகு தூரத்தில் நிற்கிறது. ஐவரில் நால்வர் வேறு பெட்டிக்குப் போட்ட மாவட்டத்தில் அந்த ஒருவரின் தெரிவுக்குப் பரிசு கொடுப்பது பிரதிநிதித்துவம் ஆகாது.

நிலையான அரசுக்குப் போனஸ் ஆசனம் தேவை என்பார்கள். 22 போனஸ் ஆசனங்களில் 21ஐ 2024இல் ஒரே கட்சி பெற்றது. 61 வீத வாக்கு 225இல் 159 ஆசனங்களாயிற்று. அரசாங்கம் அமைக்க 113 போதும். 150 என்பது அரசியலமைப்பைத் திருத்தும் பலம். மாகாண சபைகளைத் தந்த 13ஆவது திருத்தத்தின் கதியும் அந்தப் பலத்தின் கையில்தான்.

போனஸ் ஆசனத்தை நீக்குவதைத் தமிழ்க் கட்சிகள் பெரிய கோரிக்கையாக எழுப்பவில்லை. 2020இல் மூன்றிலொரு பங்கு வாக்கோடு வன்னியில் மூன்று ஆசனங்களைப் பெற்றது தமிழரசுக் கட்சி. அன்று உவப்பாயிருந்த விதி இன்று எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அநீதி இரு தடவையும் ஒன்றே. இவ்விதி அரசியலமைப்பின் 99ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அதை நீக்கவும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும்.