சிவக்கும் வால்வும் இடமாற்றச் சோதனையும்

பழைய கிடார் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பவர் வால்வுகளில் ஒன்றின் பிளேட் மட்டும் சிவக்கத் தொடங்கினால், பலர் முதலில் செய்வது இரண்டையும் இடம் மாற்றிச் செருகுவதுதான். சிவப்பு வால்வோடு போனால் கோளாறு வால்வில். அதே சாக்கெட்டில் நின்றால் சர்க்யூட்டில்.

இந்த முறைக்குக் கருவி எதுவும் வேண்டாம். வால்வின் மீதே பழியைப் போட்டுப் புது ஜோடிக்குப் பணம் கொட்டுவதை அது தடுக்கிறது. அந்த வகையில் நல்ல வழக்கம்தான். ஆனால் அதையே முதல் வேலையாகச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

1963-இல் வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வடிவமைப்பைப் பாருங்கள். இரண்டு 6வி6 வால்வுகள். பிளேட்டில் 400 வோல்ட்டுக்கு மேல். கிரிட்டில் சுமார் மைனஸ் 35 வோல்ட் பயாஸ். அந்த மைனஸ்தான் வால்வுக்குக் கடிவாளம். முந்தைய கட்டத்தின் உயர் வோல்ட்டேஜைத் தடுத்து, ஒலி அலையை மட்டும் கிரிட்டுக்கு விடுவது கப்ளிங் கண்டென்சர். வயதானால் அது கசியும். கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோ ஓம் என்பதால், 0.07 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 15 வோல்ட் பயாஸ் காணாமல் போகிறது. 12 வாட் அளவுக்கு வகுத்த பிளேட் பிறகு சிவக்காமல் என்ன செய்யும்? அந்தச் சாக்கெட்டில் நல்ல வால்வைச் செருகினால் விடை கிடைக்கும். அந்த வால்வின் ஆயுளும் குறையும்.

பொய்யான விடை இதைவிட மோசம். சாக்கெட்டின் பிடி தளர்ந்து கிரிட் பின் சரியாகத் தொடாமல் இருந்தால், வால்வைக் கழற்றிச் செருகும் உரசலிலேயே தொடர்பு தற்காலிகமாகச் சீராகிவிடும். சிவப்பு மறையும், பெட்டியை மூடிவிடுவோம், சில நாளில் அதே கோளாறு திரும்பும். சூடேறிய பிறகே கசியும் கண்டென்சரும் இப்படித்தான் ஏமாற்றும். இரண்டு வால்வும் சேர்ந்து சிவந்தாலோ இடமாற்றத்துக்குப் பொருளே இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பயாஸ் சப்ளையின் டயோடும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரும்.

பவர் வால்வுகளை மட்டும் கழற்றிவிட்டு, இரு சாக்கெட்டிலும் கிரிட்டுக்குரிய 5-ஆம் பின்னை மல்டிமீட்டரால் அளப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மைனஸ் வோல்ட்டைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 20 என்றால் கண்டென்சர் கசிகிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ரெசிஸ்டரோ இணைப்போ அறுந்திருக்கலாம். அரை மணி நேரம் சூடான பிறகும் இரண்டும் சமமாக நின்றால், வால்வுகளை இடம் மாற்றிப் பாருங்கள். சோதனைக்கு அப்போதுதான் மதிப்பு.

இந்த அளவீட்டிலும் ஆபத்து உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஃபில்ட்டர் கண்டென்சர்களில் உயிர் பறிக்கும் வோல்ட்டேஜ் தங்கும்; பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே கூடாது, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று: சிவப்பு கண்ணில் பட்டதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வால்வுக்கு மாற்று கடையில் கிடைக்கும். அசல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால் இன்னொரு அசல் கிடைப்பது அரிது.