வாட்டர்லூ: தரையைப் பாருங்கள்

1970-ல் வெளிவந்த ‘வாட்டர்லூ’ படத்துக்கு முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் பொறுமை வேண்டும். நெப்போலியன் முடி துறக்கிறார், எல்பா தீவுக்குப் போகிறார், திரும்பி வருகிறார். பிரஸ்ஸல்ஸில் ஒரு சீமாட்டி தரும் விருந்தில் ஆங்கிலேய அதிகாரிகள் நடனமாடுகிறார்கள். கதை எங்கே போகிறது என்று தவிக்காமல் இரண்டு முகங்களை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ராட் ஸ்டைகரின் நெப்போலியன் முணுமுணுத்துக்கொண்டே இருந்து திடீரென்று வெடிப்பார். அவரை எதிர்க்கும் ஆங்கிலேயத் தளபதி, கிறிஸ்டோபர் பிளம்மரின் வெலிங்டனுக்கு ஒரு புருவம் போதும். (இந்த வெலிங்டன் நமக்கு அந்நியர் அல்லர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்ற படையிலிருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் இவர்.)

மழை பெய்யத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருங்கள். இனி நாயகன் தரைதான்.

இத்தாலியத் தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ், பெல்ஜியத்திலுள்ள வாட்டர்லூ போர்க்களத்தை உக்ரைனில் உஷ்ஹோரோத் நகருக்கு அருகே மறுபடி உருவாக்கினார். மேடுகளைச் சமன்படுத்தி, பயிர் விதைத்து, சேறு உண்டாக்க நிலத்துக்கடியில் தண்ணீர்க் குழாய்களையும் பதித்தார்கள். இயக்குநர் செர்கேய் பொந்தார்ச்சுக் கேட்டதற்குச் சோவியத் ராணுவம் சுமார் 15,000 வீரர்களை அனுப்பியது. கிராபிக்ஸ் இல்லாத காலம். திரையில் தெரியும் தலைகளில் பெரும்பாலானவை நிஜத் தலைகள்.

அவ்வளவு பாடுபட்டுச் சேறு எதற்கு? 1815 ஜூன் 18 காலையில் பீரங்கி வண்டிகளை நகர்த்த முடியாமல், தரை காயட்டும் என்று நெப்போலியன் காத்திருக்கிறார். அந்தச் சில மணி நேரத்தில் பிரஷ்யப் படை வெலிங்டனின் உதவிக்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே சண்டை தொடங்கும்முன் வரும் நிதானமான காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். பிரெஞ்சுப் படை அங்கேயே தோற்கத் தொடங்கிவிட்டது.

அடுத்தது மேட்டுச் சரிவு. வெலிங்டன் தன் ஆட்களை அதற்குப் பின்னால் பின்வாங்கச் சொல்கிறார். கீழிருந்து பார்க்கும் பிரெஞ்சுத் தளபதி நேய்க்கு அது ஓட்டமாகத் தெரிகிறது. காலாட்படையின் துணையின்றிக் குதிரைப்படையைக் கிளப்பிவிடுகிறார். மேட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. குதிரைகள் ஏறிக் கடந்ததும் கேமரா ஹெலிகாப்டரில் உயர்கிறது: ஆங்கிலேயர்கள் சதுரம் சதுரமாக நிற்கிறார்கள், நான்கு பக்கமும் துப்பாக்கி முனைக் கத்திகள். குதிரை கத்தி வேலிக்குள் பாயாது. ஆற்று வெள்ளம் பாறைகளைச் சுற்றிப் போவதுபோல் ஆயிரக்கணக்கான குதிரைகள் சதுரங்களைச் சுற்றிச் சுழல்கின்றன. போர்ப்படங்களில் இதற்கு நிகராக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை. இந்த இடத்தில் மட்டும் ஒலியை அணைத்துவிட்டு இன்னொருமுறை பாருங்கள். ஒரு படை எப்படிச் சிதறுகிறது என்பது ஒரே ஷாட்டில் விளங்கும்.

இதற்கிடையே ஒரு இளம் சிப்பாய் சதுரத்தை விட்டு வெளியேறி, நாம் ஏன் ஒருவரையொருவர் கொல்கிறோம் என்று கதறுவான். படத்தின் பலவீனமான இடம் அதுதான். சேற்றில் கிடக்கும் குதிரைகள் சொல்லிவிட்டதை வசனம் திரும்பச் சொல்கிறது.

கடைசியாகப் பயிர். மாலையில் நெப்போலியனின் மெய்க்காவல் படை, அதுவரை தோற்றறியாத மிடுக்கோடு சரிவில் ஏறி வருகிறது. எதிரே யாரும் இல்லை. வெலிங்டன் ஒரு வார்த்தை சொன்னதும் பயிருக்குள் படுத்திருந்த வரிசை எழுந்து சுடுகிறது. முன்பே விதைத்து வளர்த்த பயிருக்கு வேலை வந்துவிட்டது.

வெளியானபோது இந்தப் படம் வசூலில் சறுக்கியது. ஸ்டான்லி குப்ரிக் எடுக்க நினைத்திருந்த நெப்போலியன் படம் கைவிடப்பட்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கைப்பேசியில் மட்டும் பார்க்காதீர்கள், சதுரங்களெல்லாம் புள்ளிகளாகிவிடும். வீட்டில் பெரிய டிவி இல்லையென்றால், இருக்கிற நண்பர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுங்கள்.